நாலாவது கதிரை

முதலில் திசையை மறந்துவிடுங்கள், மிஸ்டர் றொசைரோ.
கஷ்டம்தான். கப்பலைத் துறைக்குள் கூட்டிவருகிறவர் நீங்கள்.
ஆனாலும் இந்த மேசையில்
கொண்டலின் வலக்கைப் பக்கம் தென்றல் இருக்கும்,
அதன் வலக்கைப் பக்கம் கச்சான்,
கடைசியில் வாடை. அது உங்கள் கதிரை.
இந்த வரைபடத்தை நம்பிக் கப்பல் விட்டால்
திருகோணமலையில் ஒரு பாறை மிஞ்சாது, எல்லாவற்றிலும் ஏறுவீர்கள்.

கீழே ஐஸ் உடைக்கிறார்கள், விடிய மூன்று மணிக்கு வள்ளங்கள் போகும்.
காய் கலக்கும் சத்தம் அதில் அமுங்கிவிடும்.
அதனால்தான் ஹில்மி இந்த மேல்மாடியைப் பிடித்தார்.

கையில் பதின்மூன்று. ஒன்றை எடுத்து ஒன்றை எறிவது.
மூன்று மூன்றாய் நாலு கூட்டு, கூட ஒரு சோடி.
வட்டத்தில் ஐந்து ஆறு ஏழு என்று ஓடலாம்,
ஒரே முகம் மூன்று தரம் நிற்கலாம்.
மற்றவர் எறிந்தது வேண்டுமா?
மூன்று ஒரே முகமென்றால் "போன்", எவரிடமும்.
ஓடும் வரிசைக்கு "ச்சி", இடக்கைக்காரரிடம் மட்டும்.
ஆனால் கேட்டு வாங்கிய கை திறந்த கை,
திறந்த கைக்கு ரீச்சி கிடையாது.

யாகு... எப்படிச் சொல்ல,
கைக்கு ஒரு முகாந்திரம்.
அது இல்லாமல் அழகாய் அடுக்கி முடிப்பது
பிறப்புச் சான்றிதழ் இல்லாமல்
அடையாள அட்டைக்கு வரிசையில் நிற்பது மாதிரி.
இன்றைக்கு ஒன்றை மட்டும் பிடியுங்கள்: தன்யாவோ.
ஒன்று வேண்டாம், ஒன்பது வேண்டாம்,
காற்று, டிராகன் எதுவும் வேண்டாம்.
இரண்டிலிருந்து எட்டுக்குள் குடியிருங்கள்.

இன்னொன்று. சீமெந்து ஆலைக்கு வந்த இஞ்சினியர்
விட்டுப்போன பெட்டி இது. ஏழாம் மூங்கில் ஒன்று குறைய,
மங்களேஸ்வரி பாலை மரத்தில் செய்வித்தாள்.
முதுகைக் கண்டாலே எவர் கையிலென்று தெரியும்.
தெரியாததுபோல் இருப்பது எங்கள் சட்டம்.
அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்,
பார்த்ததை வெளியே சொல்லாத முகம்.

எட்டாம் சுற்றில் நான் ரீச்சி சொன்னேன்.
ஆயிரத்துக்கு ஒரு குச்சி, குச்சி தொலைந்ததால் ஈர்க்கு,
நடுவில் வைத்தேன். இனி என் கை மாறாது.
ஐந்தும் ஆறும் மூங்கில் வைத்து
நாலுக்கோ ஏழுக்கோ காத்திருக்கிறேன்.
இதில் ஒரு வெட்கம்:
நாலை முதல் வரிசையிலேயே எறிந்திருந்தேன்,
வேறு ஒரு கையைக் கனவு கண்ட நேரம்.
அதன் பெயர் ஃபுரித்தென்.
தான் எறிந்ததில் ஒன்று தனக்கே தேவையென்றால்
இனி எவர் தந்தாலும் வாங்க முடியாது,
நாலு மட்டுமல்ல, ஏழும்.
சுவரிலிருந்து நானே எடுத்தால்தான் உண்டு.

ஹில்மி என் எறிகாய்களை ஒருதரம் வாசித்தார்.
நாலை எறிந்தவளுக்கு ஏழு ஆபத்தில்லை,
இதுதான் சுஜி, பயந்தவரின் கணக்கு,
பிழைக்காத கணக்கும்கூட.
பாலை மரத்து ஏழை மெல்ல நடுவில் வைத்தார்.

எனக்கு வேண்டியது. மேசையில். எட்டும் தூரத்தில்.
மங்களேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை.
அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

"ரோன்" என்றீர்கள்,
இரவில் நங்கூரம் இறக்கச் சொல்கிற அதே குரலில்.
பிறகு, "சரிதானே? எனக்குள்ளும் ஏழு இல்லாத இடம் இருந்தது."
ஒரு போன், திறந்த கை, இரண்டிலிருந்து எட்டுக்குள்.
பெரிதில்லை, ஆயிரம்தான்.

ஈர்க்கையும் எடுங்கள், அதுவும் உங்களுக்கு.
இல்லை, மன்னிப்புக் கேட்கிற விளையாட்டில்லை இது.
காய்களைக் கவிழ்த்து
கலக்கத் தொடங்குங்கள், இரண்டு கையாலும்.